ஹாலுக்கு முன்பணம் கட்டியாயிற்று; ஞானத்தகப்பன் யார்?

கேள்வி: எங்கள் மகனுக்கு மூன்று மாதம் ஆகிறது. நான் கத்தோலிக்கன், பூர்வீகம் திருச்சிப் பக்கம். மனைவி இந்து. இங்கே சிங்கப்பூரில் ஆர்ஓஎம் எனும் திருமணப் பதிவகத்தில் பதிவுத் திருமணம் மட்டும் செய்துகொண்டோம், கோயிலில் திருமண மந்திரிப்பு நடக்கவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மனைவிக்கு முழுச் சம்மதம். பொங்கோலில் குடியிருக்கிறோம், ஆனால் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில், தமிழில் நடக்க வேண்டும் என்பது என் அம்மாவின் ஆசை. ஞானத்தகப்பனாக ஊரில் இருக்கும் என் அண்ணனையும், ஞானத்தாயாக மனைவியின் தோழியையும் நினைத்திருக்கிறோம். தோழி மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். மார்ச் இரண்டாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு ஹால் பார்த்து முன்பணமும் கட்டிவிட்டோம். எங்கள் திருமணத்தைக் காரணம் காட்டி ஃபாதர் மறுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. பேசாமல் வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டையோடு சேர்த்து அங்கேயே கொடுத்துவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் பயப்படும் இடத்தில் பெரிய சிக்கல் இல்லை. பயப்படாமல் கடந்துபோன இரண்டு இடங்களில்தான் இருக்கிறது. ஒன்று, நீங்கள் குறித்த தேதி. இன்னொன்று, ஞானப்பெற்றோர், அதாவது குழந்தைக்குத் துணையாக நிற்கும் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) ஏற்பாடுகள் பெரும்பாலும் கடைசி வாரத்தில் இடறுவது ஞானப்பெற்றோர் விஷயத்தில்தான். அதனால் பெற்றோர் ஹாலிலிருந்து தொடங்காமல் ஞானப்பெற்றோரிலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கத் திருச்சபைச் சட்டம் (1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 868ஆம் பிரிவு) இரண்டே விஷயங்களைக் கேட்கிறது. பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும். குழந்தை கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்க்கப்படும் என்று நம்புவதற்கு நியாயமான அடிப்படை இருக்க வேண்டும். பெற்றோரின் திருமணம் கோயிலில் நடந்திருக்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அந்த நம்பிக்கைக்கு அடிப்படையே தெரியாவிட்டால்கூட, காரணத்தைப் பெற்றோருக்குச் சொல்லித் தள்ளிவைக்கத்தான் சட்டம் சொல்கிறது. தள்ளிவைப்பது மறுப்பதாகாது. ஞாயிறு பூசைக்கு வருகிறீர்களா, பிள்ளையை மறைக்கல்விக்கு அனுப்புவீர்களா, மனைவி இதை எப்படிப் பார்க்கிறார் என்று ஃபாதர் கேட்பது இதற்காகத்தான். குறுக்கு விசாரணை என்று எண்ணிச் சுருக்கமாகப் பதில் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டில் நிலைமை என்னவோ அதை அப்படியே சொல்லுங்கள். பூசைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது என்றால் அதையும் சொல்லலாம். பங்கு அலுவலகம், அதாவது உங்கள் பகுதிக் கோயிலின் அலுவலகம், அதைக் கேட்டு அதிர்ந்துபோகாது.

திருமண விஷயத்தைத் தனியாகச் சரிசெய்யலாம், சரிசெய்வதும் நல்லது. கத்தோலிக்கர் ஒருவர் திருமுழுக்குப் பெறாத ஒருவரை மணக்க ஆயரின் (பிஷப்பின்) அனுமதி வேண்டும். அதற்கு விலக்கு என்று பெயர். அது இல்லாமல் ஆர்ஓஎம்-இல் மட்டும் செய்த திருமணம் அரசாங்கத்தின் கண்ணில் முழுத் திருமணம். திருச்சபையின் கண்ணில் இன்னும் செல்லுபடியாகவில்லை. இதை முறைப்படுத்த உங்கள் மனைவி மதம் மாறத் தேவையில்லை. அரசுப் பதிவும் அப்படியே இருக்கும். பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து, கத்தோலிக்கராக வளர்க்க என்னால் இயன்றதைச் செய்வேன் என்று நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். மனைவி கையெழுத்திட்டு எதையும் வாக்குறுதி தர வேண்டியதில்லை. நீங்கள் அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். இதற்கு நாள் பிடிக்கும். அது முடியும்வரை குழந்தை காத்திருக்க வேண்டும் என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். ஒரே சந்திப்பில் இரண்டையும் ஃபாதரிடம் பேசுங்கள், எதை எந்த வரிசையில் செய்யலாம் என்று அவரே சொல்வார். திருமுழுக்கு பூசைக்குள் நடந்தால், திருமணம் முறைப்படாத நிலையில் அன்று நீங்கள் நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) வாங்குவது பற்றியும் அந்தச் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். சொந்தக்காரர்கள் சூழ நிற்கும்போது வரிசையில் போவதா வேண்டாமா என்று தடுமாறுவது சங்கடம்.

இனி தேதி. மார்ச் இரண்டாம் வாரம் ஏறக்குறைய எல்லா வருடமும் தவக்காலத்துக்குள், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்துக்குள் விழும். தவக்காலத்தில் குழந்தைக்குத் திருமுழுக்குக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் பல பங்குகள் அந்த நாற்பது நாளில் வைப்பதில்லை. பெரியவர்கள் பாஸ்கா திருவிழிப்பில் (ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாட்டில்) திருமுழுக்குப் பெறத் தயாராகும் காலம் அது. வைத்தாலும் கோயில் அலங்காரமில்லாமல் ஊதா நிறத்தில் இருக்கும், அல்லேலூயா பாட மாட்டார்கள். மேலும் பெரும்பாலான பங்குகளில் குழந்தைத் திருமுழுக்கு நினைத்த ஞாயிறெல்லாம் நடக்காது. மாதத்தில் குறிப்பிட்ட ஒரு நாள், குறிப்பிட்ட நேரம், நான்கைந்து குழந்தைகள் சேர்ந்து என்றுதான் இருக்கும். ஹால்காரரிடம் இன்றே பேசி, முன்பணத்தை ஈஸ்டருக்குப் பிந்தைய தேதிக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். புதுத் தேதியைக் கோயில் எழுத்தில் உறுதிசெய்த பிறகு சொல்கிறேன் என்று சொல்லுங்கள். ஈஸ்டர் கழிந்து வரும் ஐம்பது நாள் பாஸ்கா காலம் இதற்கு மிகப் பொருத்தமானது; பாஸ்கா மெழுகுதிரி அப்போது பீடத்தருகே எரிந்துகொண்டிருக்கும்.

பிறந்த சில வாரங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் விருப்பம். பிள்ளை பிறக்கும் முன்பே பங்குத்தந்தையைப் பார்க்கச் சொல்கிறது. உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் இரண்டு மாதம் ஆவதால் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் "கொஞ்சம் வளரட்டும்" என்று ஏழு வயதைத் தாண்டவிட்டால் கதை மாறிவிடும். ஏழு வயது நிறைந்து புத்தி தெளிந்த பிள்ளையைச் சட்டம் பெரியவர் கணக்கில் சேர்க்கிறது. பிள்ளையே வகுப்புக்குப் போய்த் தயாராக வேண்டும். குழந்தைக்குத் திடீரென்று உடம்புக்கு மோசமாகி உயிருக்கு ஆபத்து என்றால் தேதி, படிவம், தவக்காலம் எதுவும் குறுக்கே நிற்காது. மருத்துவமனையில் ஃபாதர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். யார் வேண்டுமானாலும், உங்கள் மனைவியே கூட, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு தலையில் தண்ணீர் ஊற்றியபடி அந்த வாக்கியத்தைச் சொல்லலாம். பிறகு பங்கில் தெரிவித்துப் பதிவேட்டில் ஏற்றினால் போதும். குழந்தை தேறிய பிறகு மீதிச் சடங்குகளை மட்டும் கோயிலில் செய்வார்கள். தண்ணீர் இரண்டாம் முறை ஊற்ற மாட்டார்கள்.

அந்த வாக்கியம் "நான் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன், தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே" என்பது. மொழி எதுவானாலும் செல்லும், ஆனால் வார்த்தையை மாற்றக் கூடாது. "நான்" என்பதை "நாங்கள்" என்று மாற்றிச் சொன்னால் திருமுழுக்கே செல்லாது என்று 2020இல் ரோமாபுரி தெளிவாக அறிவித்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து சொன்னால் அழகாக இருக்கும் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

எந்தக் கோயில்? பிள்ளைக்குத் திருமுழுக்கு, பெற்றோர் குடியிருக்கும் பங்கில் நடப்பதுதான் பொதுவிதி. பொங்கோலில் 2017இல் திறந்த உருமாற்ற ஆலயம் உங்களுக்கு அருகில் இருக்கிறது. லூர்து மாதா கோயில் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்டது, 2005இலிருந்து தேசிய நினைவுச் சின்னம். உங்கள் அம்மாவின் ஆசைக்குக் காரணம் கேட்க வேண்டியதே இல்லை. அங்கே கொடுக்கலாம். அதற்குமுன் பொங்கோல் பங்குத்தந்தையிடம் "வேறு பங்கில் கொடுக்க ஆட்சேபம் இல்லை" என்று ஒரு கடிதம் வாங்க வேண்டியிருக்கும். லூர்து மாதா கோயில் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: எந்தெந்த நாள் குழந்தைத் திருமுழுக்கு, அன்றைய சடங்கு எந்த மொழியில், தயாரிப்பு வகுப்பை அங்கே முடிக்க வேண்டுமா, பொங்கோலில் முடித்துவிட்டுச் சான்று கொண்டுவந்தால் போதுமா. தமிழ்க் கோயில் என்பதால் அன்றைய சடங்கும் தமிழில்தான் இருக்கும் என்று நீங்களாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஐந்து குடும்பத்தில் மூன்று குடும்பம் வேறு மொழியென்றால் ஃபாதர் இரண்டையும் கலந்து நடத்தலாம். உங்கள் பங்கிலேயே தமிழ் தெரிந்த ஒரு ஃபாதரை வரவழைத்துச் செய்ய முடியுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். அம்மாவுக்கு வேண்டியது தமிழா, அந்தக் கோயிலா என்று அவரையே கேளுங்கள். தமிழ்தான் என்றால் வழி சுருங்கிவிடும்.

வேளாங்கண்ணிக்கு வருகிறேன். ஃபாதரிடம் பேசத் தயங்கி, கேள்வி கேட்காத இடமாகப் பார்த்து அங்கே போகலாம் என்று நினைத்தால், அங்கேயும் உங்கள் பங்கின் கடிதத்தைக் கேட்பார்கள். கேள்வியிலிருந்து தப்ப முடியாது, விமானச் செலவுதான் மிச்சம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. திருமுழுக்கு எந்தக் கோயிலில் நடந்ததோ அந்தக் கோயிலின் பதிவேட்டில்தான் பெயர் ஏறும். புதுநன்மை (முதல் நற்கருணை), உறுதிப்பூசுதல் (திருமுழுக்குப் பெற்றவரை நம்பிக்கையில் உறுதிப்படுத்தும் சடங்கு), திருமணம் என்று உங்கள் மகனுக்குச் சான்றிதழ் தேவைப்படும்போதெல்லாம் அந்தக் கோயிலுக்குத்தான் எழுத வேண்டும். உறுதிப்பூசுதலும் திருமணமும் அதே வரியின் ஓரத்தில் குறிக்கப்படும். முப்பது வருடம் கழித்துச் சிங்கப்பூரில் கல்யாணத்துக்கு நிற்கும் பையன், ஆறு மாதத்துக்குள் எடுத்த புதிய சான்றிதழுக்காக நாகப்பட்டினம் மாவட்டத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பான். மொட்டை நேர்த்திக்கடன், திருமுழுக்கோடு அதற்குத் தொடர்பில்லை. இங்கே திருமுழுக்கை முடித்துவிட்டு, பள்ளி விடுமுறையில் சாவகாசமாகப் போய் மொட்டை போட்டு வாருங்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழாக் கூட்டம். கைக்குழந்தையோடு அந்த நாட்களைத் தவிர்ப்பது உத்தமம்.

இப்போது ஞானப்பெற்றோர். ஒரு ஞானத்தகப்பன் அல்லது ஒரு ஞானத்தாய், இல்லையென்றால் ஆணும் பெண்ணுமாக ஆளுக்கு ஒருவர். அவ்வளவுதான். ஒருவர் போதும் என்பதை நம் வீடுகளில் யாரும் நம்புவதில்லை. இரண்டு ஜோடி, மூன்று ஜோடி என்று சொந்தத்தைத் திருப்திப்படுத்தப் பார்க்கிறோம். பதிவேட்டில் அதற்கு இடமில்லை. ஞானப்பெற்றோராக நிற்பவருக்குப் பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும். கத்தோலிக்கராக இருக்க வேண்டும். நற்கருணையும் உறுதிப்பூசுதலும் பெற்றிருக்க வேண்டும். நம்பிக்கைக்கு ஏற்ற வாழ்க்கை வாழ்பவராக இருக்க வேண்டும். குழந்தையின் அப்பா அம்மாவாக இருக்கக் கூடாது.

உங்கள் அண்ணன் இந்தக் கணக்கில் வருவார் என்றே வைத்துக்கொள்வோம். வந்தாலும் இரண்டு காகிதங்கள் வேண்டும்: உறுதிப்பூசுதல் குறிக்கப்பட்ட அவருடைய திருமுழுக்குச் சான்றிதழ், "இவர் ஞானத்தகப்பனாக நிற்கத் தகுதியானவர்" என்று அவருடைய பங்குத்தந்தை தரும் கடிதம். ஊர்ப் பக்கம் தாமதம் ஆகிற இடம் இதுதான். பழைய பதிவேட்டில் "அந்தோணிசாமி, த/பெ சூசை" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முன்னால் வந்து, எழுத்துக்கூட்டலும் மாறி நிற்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று பங்குத்தந்தையின் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். முத்திரையும் தேதியும் தெளிவாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பங்கு அலுவலகம் முதலில் பார்க்க ஏற்றுக்கொள்ளலாம், மூலப் பிரதியைப் பிறகு கேட்கலாம்.

அண்ணன் வர முடியாவிட்டால் அவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்கும் வழக்கம் உண்டு. பதிவேட்டில் அண்ணன் பெயர்தான் ஞானத்தகப்பனாக ஏறும். நின்றவர் பெயர் பதிலி என்று குறிக்கப்படும். இதை ஃபாதர் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும், அண்ணனிடமிருந்து எழுத்தில் சம்மதமும் வேண்டும். கைப்பேசியைத் திருமுழுக்குத் தொட்டியருகே தூக்கிப் பிடித்து, திரையில் அண்ணன் "விசுவசிக்கிறேன்" என்று சொல்வது கணக்கில் வராது. வேண்டுமானால் அவர் பார்த்து மகிழட்டும்.

மனைவியின் தோழி ஞானத்தாயாக முடியாது. ஆனால் அவரை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. மெதடிஸ்ட் சபையில் திருமுழுக்குப் பெற்றவர், ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோருக்குப் பக்கத்தில், திருமுழுக்குச் சாட்சியாக நிற்கச் சட்டம் இடம் தருகிறது. அவர் பெயரும் சாட்சி என்று பதிவாகும். கத்தோலிக்கர் ஒருவர் இல்லாமல் அவர் மட்டும் நின்றால் போதாது. ஆகவே உங்கள் நிலையில் அண்ணன் ஞானத்தகப்பன், தோழி சாட்சி என்று அமைக்கலாம். சட்டப்படி குறையில்லை.

அப்படிச் சொன்னாலும் என் யோசனை வேறு. உங்கள் வீட்டில் கத்தோலிக்கர் நீங்கள் ஒருவர்தான். அண்ணன் திருச்சியில், தோழி வேறு சபையில். பிள்ளை புதுநன்மைக்குத் தயாராகும்போது, நீங்கள் ஷிஃப்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை அவனைப் பூசைக்கு அழைத்துப் போக யார் இருக்கிறார்கள்? பொங்கோலிலோ செங்காங்கிலோ இருக்கிற, உறுதிப்பூசுதல் பெற்ற ஒரு கத்தோலிக்கரை, சொந்தமாக இல்லாவிட்டாலும், ஞானத்தகப்பனாகவோ ஞானத்தாயாகவோ யோசித்துப் பாருங்கள். உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் கிடைத்தால் அவர் ஞானத்தாய், அண்ணன் ஞானத்தகப்பன். அப்போது தோழியைச் சாட்சியாகச் சேர்க்க முடியுமா என்பதை ஃபாதரிடம் விட்டுவிடுங்கள். முதல் வாசகம் வாசிப்பதையோ மன்றாட்டுச் சொல்வதையோ அவருக்குக் கொடுக்கலாம். அண்ணன் மனம் நோகுமே என்பது நியாயமான கவலை. அதனால்தான் அவரை நீக்கச் சொல்லவில்லை.

தயாரிப்பு வகுப்புக்குப் பெற்றோர் இருவரும் ஞானப்பெற்றோரும் வர வேண்டும் என்பது வழக்கம். மனைவி இந்து என்பதால் அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அன்றைக்குத் தன்னிடம் என்ன கேட்பார்கள், தான் எங்கே நிற்க வேண்டும் என்பது முன்பே தெரிந்தால்தான் அவர் நிம்மதியாக நிற்பார். சடங்கின் தொடக்கத்தில் "இக்குழந்தைக்கு என்ன பெயர் சூட்டியிருக்கிறீர்கள்?" என்று ஃபாதர் கேட்பார், இருவரும் சொல்லலாம். நெற்றியில் சிலுவை வரையத் தாயையும் அழைப்பார், விரும்பினால் வரையலாம். அலகையை (சாத்தானை) விட்டுவிடுகிறீர்களா, விசுவசிக்கிறீர்களா என்ற கேள்விகள் வரும் இடத்தில் அவர் வாய் திறக்க வேண்டியதில்லை. நம்பாததை நம்புகிறேன் என்று சொல்லச் சடங்கு யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கத்தோலிக்கரல்லாத பெற்றோர் மௌனமாக இருக்கலாம் என்று சடங்கு நூலின் முன்னுரையே சொல்கிறது. குழந்தையைக் கையில் வைத்திருப்பவர் அவராகவே இருக்கலாம்.

பங்கு அலுவலகத்துக்கு எடுத்துப் போக வேண்டியவை: குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் (2022 மே 29 முதல் மின்னிலக்கமாகத்தான் வருகிறது, கோப்பைத் தரவிறக்கி ஒரு பிரதி அச்செடுத்துக்கொள்ளுங்கள்), உங்கள் திருமுழுக்குச் சான்றிதழ், ஆர்ஓஎம் திருமணச் சான்றிதழ், ஞானப்பெற்றோரின் காகிதங்கள், பூர்த்திசெய்த பங்குப் படிவம். உங்கள் சொந்தச் சான்றிதழையும் ஊரிலிருந்து இப்போதே புதிதாக வரவழையுங்கள். திருமணத்தை முறைப்படுத்தும்போதும் அதுதான் தேவைப்படும். அண்ணனின் காகிதத்தோடு சேர்த்து ஒரே பயணத்தில் வாங்கிவிடலாம்.

பெயர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாமியார் வீட்டில் இந்தப் பேச்சு வரும். புனிதர் பெயர்தான் வைக்க வேண்டும் என்று இன்றைய சட்டம் சொல்லவில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு முரணாக இல்லாவிட்டால் போதும். பிறப்புச் சான்றிதழில் அழகான தமிழ்ப் பெயர் இருந்தால் அதுவே போதும். புனிதர் பெயரும் வேண்டுமென்றால் திருமுழுக்குப் பெயராகக் கூடச் சேர்க்கலாம். அதற்காக அரசாங்கச் சான்றிதழைத் திருத்த அலையத் தேவையில்லை. நம் முன்னோர் யாகப்பருக்குச் சந்தியாகு என்றும், பவுலுக்குச் சின்னப்பன் என்றும், யோசேப்புக்குச் சூசை என்றும் பெயர் வைத்து அவற்றைத் தமிழாகவே ஆக்கிவிட்டார்கள். அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால் தாத்தா பெயரே கிடைக்கலாம்.

தாத்தா பாட்டி வீட்டில் பெயர் சூட்டு விழா வைக்க விரும்பினால் அதைக் குடும்ப நிகழ்வாகத் தனி நாளில் வையுங்கள். ஒரே நாளில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வைத்தால் இரு வீட்டாருக்கும் எது பிரதானம் என்ற சண்டைதான் வரும். விருந்தில் சைவச் சாப்பாட்டுக்குத் தனி மேசை போடச் சொல்லி கேட்டரிங்காரரிடம் ஆள் எண்ணிக்கையோடு சொல்லிவிடுங்கள். மாமனார் மாமியாருக்குக் கோயிலில் முன் வரிசையில் இடம் பிடித்து வைத்து, எப்போது நிற்பது எப்போது உட்காருவது என்று சொல்ல ஒருவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். பிரியாணியைவிட அதைத்தான் அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

அன்றைய நாள். பூசையில்லாமல் தனியாக நடந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். குழந்தைக்குப் புறப்படும் முன் பால் கொடுத்து, ஏப்பம் விட்ட பிறகு கிளம்புங்கள். வயிறு முட்டக் குடித்தவுடன் தலையைச் சாய்த்தால் கக்கிவிடும். உடை வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முன்கழுத்து எளிதாகத் திறக்க வேண்டும். முதலில் நெஞ்சில் ஆயத்த எண்ணெய் பூசுவார்கள். பின்னால் இருபது பொத்தான் உள்ள ஜரிகைக் கவுன் போட்டுக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். தொப்பி, தலைப்பட்டை வேண்டாம். நெற்றியில் திருஷ்டிப் பொட்டு வைக்கும் வழக்கம் இருந்தால் அன்று பாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பட்டு மை வழிந்து வெள்ளை உடையில் இறங்கும்.

தொட்டியருகே போகும்போது குழந்தையை முகம் மேலே பார்க்க, தலை உடம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி, கழுத்துக்கடியில் உள்ளங்கை கொடுத்துப் பிடியுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் தண்ணீர் கண்ணிலும் மூக்கிலும் இறங்கும். அழுகைக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். மூன்று முறை ஊற்றுவார்கள். மெல்லிய பருத்தித் துண்டு ஒன்று ஞானத்தாயின் தோளில் தயாராக இருக்கட்டும். ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அடுத்ததாக உச்சந்தலையில் கிறிஸ்மா எனும் புனித எண்ணெய் பூசுவார்கள். அதைத் துடைத்துவிடாதீர்கள்; நல்ல மணம் வரும், தானாக ஊறிவிடும். பிறகு வெள்ளாடை. குழந்தை ஏற்கெனவே வெள்ளையில் வந்திருந்தாலும் பங்கில் ஒரு சிறு வெண்துகில் போர்த்துவது வழக்கம். அதன்பின் பாஸ்கா மெழுகுதிரியிலிருந்து ஏற்றிய திரியை அப்பாவோ ஞானத்தகப்பனோ பிடிக்க வேண்டும். துகிலும் மெழுகுதிரியும் பங்கே தருமா, நீங்கள் வாங்கி வர வேண்டுமா என்று முன்பே கேளுங்கள். திரி பிடிப்பவர் குழந்தையைப் பிடிப்பவரிடமிருந்து ஒரு அடி தள்ளி நிற்கட்டும். கடைசியில் ஃபாதர் காதையும் வாயையும் தொட்டுச் செபிக்கும் "எப்பத்தா" சடங்கு நடக்கலாம். "திறக்கப்படு" என்று பொருள். சில இடங்களில் விட்டுவிடுவார்கள். விட்டதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

படம் பிடிக்க ஒரே ஒருவர். எங்கே நிற்கலாம், ஃபிளாஷ் போடலாமா என்று சடங்குக்கு முன்பே ஃபாதரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எட்டுப் பேர் கைப்பேசியோடு தொட்டியைச் சூழ்ந்தால் ஞானத்தாய்க்கே இடம் இருக்காது. மற்றக் குடும்பங்களின் குழந்தைகள் படத்தில் விழுந்தால் அவற்றை ஃபேஸ்புக்கில் ஏற்றும் முன் யோசியுங்கள்.

பணம் பற்றி. திருமுழுக்குக்கு விலை இல்லை. கொடுக்க முடியாதவருக்குத் தடையும் இல்லை. காணிக்கை உங்கள் விருப்பம். ஃபாதருக்குத் தனியாக ஆங் பாவ் கொடுக்க நினைத்தால் உறையின் மேல் அவர் பெயரை எழுதிக் கொடுங்கள். கோயிலுக்கு என்றால் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கலாம்.

சிலர் தொடக்கப்பள்ளிப் பதிவை மனதில் வைத்துத் திருமுழுக்குக்கு அவசரப்படுகிறார்கள். தேவாலயத்தோடு இணைந்த பள்ளிகளில் 2பி எனும் பதிவுக் கட்டத்தில் சபையின் பரிந்துரைக்கு இடமுண்டு. ஆனால் திருமுழுக்குச் சான்றிதழ் மட்டும் இடம் வாங்கித் தராது. உங்கள் கடிதத்தில் அந்த வாடை இல்லை; இருந்தாலும் ஹாலில் யாராவது மாமா இதைத்தான் முதலில் கேட்பார்.

சான்றிதழ் அன்றே கைக்கு வரலாம், சில நாள் கழித்தும் வரலாம். வாங்கியதும் அலுவலகக் கவுண்டரிலேயே நின்று குழந்தையின் பெயர், பிறந்த தேதி, உங்கள் இருவர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் ஆகியவற்றைப் பிறப்புச் சான்றிதழோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். சான்றிதழில் பிழை இருந்தால் பதிவேட்டிலும் இருக்கும்; அன்றைக்கே சொன்னால் எழுதியவரே திருத்திவிடுவார்.